டயலாக்கின் ‘ஆம்’ பட்டனுக்குள் மாறியை அனுப்புவது

வணக்கம். இந்தத் திரையில் இருப்பது நான் எழுதிய சிறிய ஆண்ட்ராய்டு குறிப்பேட்டுச் செயலி. ஒரு குறிப்பை அழுத்திப் பிடித்தால், ‘அழிக்கலாமா?’ என்று ஒரு டயலாக், அதாவது சிறு கேள்விப் பெட்டி, கேட்கிறது. ‘ஆம்’ என்றதும் எந்தக் குறிப்பை அழிப்பது என்பது, பட்டனைத் தொட்டதும் இயங்கும் ஆன்கிளிக் மெத்தடுக்குத் தெரிய வேண்டும்; ஆனால் அதற்கு வருபவை டயலாக், எந்தப் பட்டன் என்ற எண் ஆகிய இரண்டுதான். பாசிட்டிவ் பட்டன் என்றால் அந்த எண் -1; அதை வைத்துக்கொண்டு எதை அழிப்பது?

வெளியே உள்ள லோக்கல் மாறியை, அதாவது டயலாக்கைத் திறக்கும் மெத்தடுக்குள் மட்டும் வாழும் மாறியை, ஆன்கிளிக்கின் உள்ளே பயன்படுத்தலாம். ஆனால் அதன் மதிப்பை ஓரிடத்தில் மாற்றியிருந்தாலும் ஜாவா கம்பைலர் மறுத்துவிடும். டயலாக்கைக் காட்டும் ஷோ மெத்தட் பயனரின் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. பயனர் பட்டனைத் தொடும் நேரத்தில் நம் மெத்தட் முடிந்து, அதன் லோக்கல் மாறிகளும் போயிருக்கும் என்பதால், ஜாவா அந்த மதிப்பின் நகலைத்தான் லிசனருக்குள் (ஆன்கிளிக்கைத் தாங்கும் பொருளுக்குள்) வைக்கிறது. மூலமும் நகலும் வேறுபடக் கூடாது என்பதே அந்தப் பிடிவாதத்தின் காரணம். ஜாவா 8 முதல் ‘ஃபைனல்’ (மாற்ற முடியாதது) என்று எழுதுவது கட்டாயமில்லை; மதிப்பு மாறாமல் இருந்தால் போதும்.

இந்தப் பிழைச்செய்தியிலிருந்து தப்பிக்க நான் மாறியை வகுப்பின் ஃபீல்டாக, அதாவது அதன் எல்லா மெத்தடுகளும் பகிரும் மாறியாக, மாற்றினேன். கம்பைலர் அமைதியானது; ஆனால் டயலாக் திறந்திருக்கும்போதே பின்னணியில் பட்டியல் புதுப்பிக்கப்பட்டு ஃபீல்டின் மதிப்பு மாறியதால், வேறொரு குறிப்பு அழிந்தது. மதிப்பை ஒரே ஓர் உறுப்புள்ள அரேயில் வைக்கும் பிரபலமான குறுக்கு வழிக்கும் இதே நோய் உண்டு. ஆண்ட்ராய்டின் மற்றொரு மொழியான கோட்லினில், மதிப்பு மாறக்கூடிய ‘வார்’ மாறியையே லாம்டாவுக்குள் (லிசனராகக் கொடுக்கும் பெயரற்ற செயற்கூறுக்குள்) எடுக்கலாம் என்பதால், அங்கே எச்சரிக்கவும் ஆளில்லை.

ஆகவே டயலாக்கைக் கட்டுவதற்கு முந்தைய வரியிலேயே மதிப்பை ஒரு ஃபைனல் மாறியில், கோட்லினில் என்றால் மதிப்பு மாறாத ‘வால்’ மாறியில், எடுத்து வைத்துவிடுங்கள். அதுவும் பட்டியலில் அது எத்தனையாவது இடம் என்பதை அல்ல, தரவுத்தளத்தில் அந்தக் குறிப்புக்குரிய ஐடியை எடுங்கள். இடம் நகரும், ஐடி நகராது.

கைப்பேசியைத் திருப்பினால் ஆக்டிவிட்டி (செயலியின் திரை) புதிதாக உருவாகி, டயலாக் மறைந்துவிடும். அது நிலைக்க, திருப்பிய பிறகும் டயலாக்கை மீண்டும் காட்டும் டயலாக்ஃபிராக்மென்ட் வேண்டும். சிஸ்டம் அதை அளவுருக்கள் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் (பொருளை உருவாக்கும் பகுதி) வழியாகவே மீண்டும் உருவாக்கும் என்பதால், ஐடியை பண்டில் (மதிப்புகளின் பொதி) ஒன்றில் வைத்து ஆர்க்யுமென்ட்ஸாகக் கொடுத்திருக்கிறேன். இப்போது திருப்புகிறேன், பாருங்கள்: அதே கேள்வி நிற்கிறது, ‘ஆம்’ என்றதும் அதே குறிப்புதான் அழிகிறது.