பிள்ளைக்காம்பராவில் தொட்டில் கட்டச் சொன்ன அண்ணனுக்கு

நடுவர் அவர்களே, என் அணியினரே, எதிரணி அண்ணன்மாரே, தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு நேராக இந்தக் கோயில் வாசலுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாமாரே, எல்லோருக்கும் வணக்கம். நேரம் குறைவு.

'பெரியவர்கள் அனிமேஷன் படங்களில் மயங்கிக் கிடப்பது ரசனையா, சிறுபிள்ளைத்தனமா?' ரசனைதான் என்று சொல்ல ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "மீசை முளைத்த பிறகும் பொம்மைப் படம் பார்க்கிறவனுக்கு, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் ஒரு தொட்டில் கட்டிக் கொடுங்கள்" என்றாரே, நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்களே! தாளை மடித்துவிட்டேன். முதலில் அந்தத் தொட்டிலை அவிழ்க்கிறேன்.

அண்ணே, 1972இல் அமெரிக்காவில் ரால்ஃப் பக்‌ஷி ஒரு பூனையைக் கதாநாயகனாக்கி 'ஃபிரிட்ஸ் த கேட்' எடுத்தார். அதற்கு 'எக்ஸ்' சான்றிதழ், பெரியவர்களுக்கு மட்டும். உங்கள் தொட்டில் பிள்ளையைத் தியேட்டர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்! அடுத்த வருஷம் ரெனே லாலூவின் 'ஃபென்டாஸ்டிக் பிளானட்' கான் விழாவில் பரிசு வாங்கியது. அதில் நீல நிற ராட்சதர்கள் மனிதர்களைச் செல்லப் பிராணியாக வளர்க்கிறார்கள், பெருகிவிட்டால் மருந்து அடித்துக் கொல்கிறார்கள். தோட்டத் துரை பங்களாவை லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டுமா? அப்புறம் ஜப்பானில் ஒட்டோமோவின் 'அகிரா', சடோஷி கோனின் 'பெர்ஃபெக்ட் புளூ', இரண்டும் பெரியவர்களுக்கான படங்கள். இவற்றைப் பிள்ளைக்காம்பராவில் போட்டால் தாய்மார் எல்லோரும் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

இன்னும் கேளுங்கள். 1988 ஏப்ரல் 16, ஜப்பானில் ஜிப்லி ஸ்டூடியோ இரண்டு படங்களைச் சோடியாக வெளியிட்டது. ஒன்று மியாசாகியின் 'டோட்டோரோ', பிள்ளைகளை மடியில் வைத்துப் பார்க்கிற படம். மற்றது இசாவோ தகஹாட்டாவின் 'மின்மினிகளின் கல்லறை'. கோபே நகரத்தில் குண்டு விழுந்து, தாயையும் வீட்டையும் இழந்த ஒரு அண்ணனும் குட்டித் தங்கையும். நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

ஒரு மழை நாள் இரவு இதை வீட்டில் போட்டேன். பக்கத்து வீட்டுக் காம்பராப் பெரியம்மா தீப்பெட்டி கேட்டு வந்தார். "கல்யாணம் கட்டுற வயசுல பொம்மப் படமா?" என்று சிரித்தார், பார்த்தீர்களா, நம்ம அண்ணன் சொன்ன அதே பேச்சு. தீப்பெட்டியை வாங்கியவர் போகவில்லை, கதவுக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு குந்தினார். அந்தப் படத்தில் ஒரு இனிப்பு டின் வரும், பழ மிட்டாய் டின். மிட்டாய் தீர்ந்துவிட்டது. அண்ணன்காரன் டின்னுக்குள் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொடுக்கிறான், தங்கச்சி குடித்துவிட்டு, எல்லாப் பழ ருசியும் இருக்கிறது என்று ஒவ்வொரு பெயராகச் சொல்கிறாள்.

மறுபடியும் சொல்கிறேன், பின்வரிசையில் பேசிக்கொண்டிருக்கிறவர்களும் கேட்க வேண்டும். காலி டின். வெறும் தண்ணீர். அந்தப் பிள்ளை பழத்தின் பெயரைச் சொல்கிறது! பெரியம்மா எழுந்துவிட்டார். திரையைப் பார்த்துக் கத்துகிறார்: "அந்தப் புள்ளைக்கு ஒரு ரொட்டித் துண்டு குடுக்க ஊர்ல ஒருத்தருக்கும் மனசு வரலையாடா?" என்னிடம் கேட்கிறார், பொம்மையிடம் கேட்கிறார், சுவரிடம் கேட்கிறார். அவர் வீட்டு அடுப்பு அன்றைக்கு எரியவே இல்லை, தீப்பெட்டி கையிலேயே இருந்தது.

மறுநாள் மலையில் கதை பரவிவிட்டது. தேயிலை நிரையில் நிற்கும்போது ஒரு பகுதி, தேத்தண்ணீர் நேரத்தில் ஒரு பகுதி. கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குள் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவுப் பெண்கள் எல்லோருக்கும் அந்தத் தங்கச்சியைத் தெரியும். பொழுது சாய்ந்ததும் எங்கள் வாசலில் கூட்டம். "தம்பி, அந்தப் படத்தப் போடு." அண்ணே, இத்தனை பேருக்கும் தொட்டில் கட்டப் பிள்ளைக்காம்பராவில் இடம் இருக்கிறதா?

இந்தக் கதையை 1967இல் எழுதிய அகியூகி நொசாகா, யுத்த காலத்தில் பசியில் செத்துப்போன தன் தங்கையை நினைத்து எழுதினார். இதை நான் பெரியம்மாவிடம் சொன்னபோதுதான் அவர் சொன்னார். 1974, நம் இலங்கை மலையகத் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த பஞ்சம். மரவள்ளிக் கிழங்கும் கிடைக்காத நாளில் அவருடைய தங்கச்சி போய்விட்டாள். ஒரு போட்டோகூட இல்லை. "இந்தப் படத்துல வர்ற புள்ள மாதிரிதான் முடி வெட்டியிருப்பா" என்றார். இத்தனை வருஷத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற எங்களிடம் சொல்லாத தங்கச்சி அவள். நிஜ நடிகை நடித்திருந்தால் அது வேறு யாரோ ஒருத்தியின் முகம். நாலு கோட்டில் வரைந்த முகத்தில் அவர் தன் தங்கச்சியைப் பார்த்துவிட்டார்.

எதிரணி இன்னும் எவ்வளவோ காரணம் சொல்வார்கள், சொல்லட்டும். மணி அடித்துவிட்டார்கள். பெரியம்மா முன்வரிசையில்தான் இருக்கிறார், பச்சைச் சேலை. சிறுபிள்ளைத்தனம் என்று தீர்ப்புச் சொல்வதானால், நடுவர் அவர்களே, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வணக்கம்.