ஹென்ட்ரா குணவானின் மீன்காரிகள்

அவைத் தலைவர் அவர்களே, ஓவியத்தில் ஈடுபாடு கொண்டு வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

இந்தோனேசிய ஓவியரும் சிற்பியுமான ஹென்ட்ரா குணவானைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். பெயரைக் கேட்டதும் சிலர் புன்னகைக்கிறீர்கள். ஆம், நல்லவரைக் குறிக்க நாம் சொல்லும் அதே ‘குணவான்’தான், வடமொழியிலிருந்து அந்தத் தீவுகளுக்குப் போய், அங்கே ஆண்களுக்கு இடும் சாதாரணப் பெயராகிவிட்ட சொல்.

அவர் 1918-இல் மேற்கு ஜாவாவின் பாண்டுங் நகரில் பிறந்தார். அப்பகுதி மக்களான சுண்டானியரின் நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதியதும், இயற்கைக் காட்சி ஓவியர் வாஹ்டியிடம் பழகியதும், தம்மைவிட மூத்த ஓவியரான அஃபாண்டியின் நட்பும்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். அன்று நாட்டை ஆண்ட டச்சுக்காரர்கள் விரும்பி வாங்கிய படங்களில் எரிமலையும் நெல்வயலும் தென்னையும் இருக்கும். வயலில் முதுகொடிய வேலை செய்பவன் மட்டும் இருக்கமாட்டான், இருந்தாலும் புள்ளியாகத்தான் இருப்பான். அந்தப் புள்ளியை முன்னால் இழுத்துவந்து ஓவியச்சீலை நிறைய நிற்கவைத்தவர்களில் ஹென்ட்ரா ஒருவர்.

1945-இல் விடுதலை அறிவிக்கப்பட்டதும் டச்சுப் படைகள் திரும்பிவர, குடியரசின் தலைநகர் யோக்யகர்த்தாவுக்கு மாறியது, ஓவியர்களும் பின்தொடர்ந்தார்கள். 1947-இல் ஹென்ட்ராவும் அஃபாண்டியும் அங்கே ‘பெலுகிஸ் ராக்யாட்’, அதாவது ‘மக்கள் ஓவியர்கள்’ என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். பெயரில் ஓவியம் இருந்தாலும் அங்கே உளிச் சத்தமும் கேட்டது. ஜாவாவின் பழம்பெரும் ஆலயங்களான போரோபுதூரையும் பிரம்பானனையும் எழுப்பிய அதே எரிமலைக் கல்லில், பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, தெய்வங்களை விட்டுவிட்டுத் தம் காலத்து மனிதர்களைச் செதுக்க அவர்கள் துணிந்தார்கள். பட்டறைக்கு வந்த இளைஞர்களில் ஒருவரான எதி சுனார்சோ பிறகு சாந்திநிகேதனில் பயின்று, ஜகார்த்தாவின் பெரிய நினைவுச் சிலைகள் சிலவற்றை வடித்தார்.

ஹென்ட்ரா கல்லில் செய்தவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது தளபதி சுதிர்மான் சிலை. காசநோயால் நுரையீரல் கெட்ட நிலையிலும், பல்லக்கில் தூக்கிச் செல்லப்பட்டபடியே டச்சுப் படைகளை எதிர்த்துக் கெரில்லாப் போரை நடத்தியவர் சுதிர்மான். யோக்யகர்த்தாவின் மலியோபோரோ சாலையில், மாகாணச் சட்டமன்றத்தின் முன்னால் இன்றும் அந்தச் சிலை இருக்கிறது.

ஓவியத்தில் ‘புரட்சியின் மணமக்கள்’ என்ற 1955-ஆம் ஆண்டுப் படத்தைப் பெரும்பாலோர் சொல்வார்கள். போர்க்காலத்தில் ஒரு கல்யாண ஊர்வலம். ஜகார்த்தாவின் நுண்கலை, பீங்கான் அருங்காட்சியகத்தில் ஒரு சுவரையே எடுத்துக்கொண்டிருக்கிறது. என் மனம் என்னவோ அவருடைய சந்தைப் பெண்களிடமே போகிறது: மீன் விற்பவள், பிள்ளைக்குப் பால் கொடுப்பவள், ஒருத்தி தலையில் மற்றொருத்தி பேன் பார்ப்பவள். பக்கவாட்டில் திரும்பிய முகமும் நீண்ட கைகளும் தோற்பாவைகளை, அதாவது ஜாவாவின் வாயாங்கை நினைவூட்டும். உடுத்தியிருக்கும் பாத்திக் துணியில் ஒரு கோட்டைக்கூட அவர் சும்மா விட்டிருக்கமாட்டார்.

படைத் தளபதிகள் சிலர் கொல்லப்பட்ட 1965 செப்டம்பர் 30 நிகழ்வுகளுக்குப் பின், ராணுவம் இடதுசாரிகள் மீது ஏவிய ஒடுக்குமுறையில், கம்யூனிஸ்டுக் கட்சியோடு நெருங்கியிருந்த ‘லெக்ரா’ பண்பாட்டு அமைப்பைச் சேர்ந்தவர் என்பதால் ஹென்ட்ராவும் பிடிபட்டார். 1978 வரை, பதின்மூன்று ஆண்டுகள், பாண்டுங்கின் கெபோன் வாரு சிறை. படைத் தளபதிக்குச் சிலை செய்தவரை அந்தப் படையின் ஆட்சியே உள்ளே வைத்திருந்தது. சிலையை மட்டும் யாரும் அப்புறப்படுத்தவில்லை.

சிறையில் அவருக்கு வரைய அனுமதி கிடைத்தது. அங்கே சந்தையும் இல்லை, கடலும் இல்லை, சுவர்தான். அந்த இடத்தில் அவருடைய நிறங்கள் மங்கியிருக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். மாறாக, முந்தைய படங்களின் மண்நிறமும் பழுப்பும் விலகி, ஊதாவும் மயில்நீலமும் ரோஜாநிறமும் பொங்கிவந்தன. ஒரு மீனின் முதுகில் பச்சை ஊதாவாகி, ஊதா வெள்ளியாகி, வயிற்றில் இளஞ்சிவப்பில் முடிகிறது. பார்த்து வரைந்திருந்தால் இத்தனை நிறம் வந்திருக்காது என்பது என் கருத்து; ஏங்கி வரைந்ததால் வந்தது. அதே சிறையில் கைதியாக இருந்த நுராயினி அவரிடம் ஓவியம் கற்றார், பின்னர் அவருக்கு மனைவியுமானார்.

விடுதலைக்குப் பின் பாலித் தீவில் குடியேறிய அவர் 1983 ஜூலையில் காலமானார். கட்டுமானத் தொழிலதிபர் சிபுத்ரா சேர்த்துவைத்த படங்கள் ஜகார்த்தாவில் சிபுத்ராவின் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் உள்ளன. 2018-இல், ஓவியரின் நூற்றாண்டில், அங்கே பெரிய கண்காட்சி நடந்தது.

இனி விளக்கை அணைத்து முதல் படத்தைப் போடச் சொல்கிறேன். வந்ததும் முகங்களைத் தேடாதீர்கள், நிறத்திலும் மயங்கிவிடாதீர்கள். கீழே, அந்த மீன்காரியின் பாதங்களைப் பாருங்கள்: செருப்பில்லை, விரல்கள் விசிறியாக விரிந்து மண்ணைப் பற்றியிருக்கின்றன, கூடையின் பாரம் முழுவதும் குதிகாலில் இறங்கியிருக்கிறது. கல் செதுக்கிப் பழகிய கை அது.