எந்தத் தெருவுல நிக்கிறீங்க?

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடில வீட்ல உக்காந்து க்ளவுட் வேலை, அதாவது எங்கயோ இருக்குற வாடகை சர்வர்ல ப்ரோக்ராம ஏத்தி ஓட்டுற வேலை பாக்குற ஆளு நான், அதப்பத்தி கொஞ்சம் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, வந்துட்டேன்.

நம்ம பக்கத்துப் பெரிய வீடுக தெரியும்ல, முகப்பு ஒரு தெருவுல இருக்கும், வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு போய்க்கிட்டே இருந்து பின்வாசல் அடுத்த தெருவுல போய்த் தெறக்கும். கானாடுகாத்தான்ல எங்க அப்பத்தா வீடும் அப்படித்தான். ஒரு நாளு கேஸ்காரருக்கு எங்க மாமா போன்ல வழி சொல்றாரு, "பெரிய திண்ணை, நெலைக்கு மேல லட்சுமி செதுக்கியிருக்கும்"னு. அவரு பாவம் பின்தெருவுல சிலிண்டரோட நின்னுக்கிட்டு லட்சுமியத் தேடுறாரு, அரை மணி நேரம்!

ப்ரோக்ராம சர்வர்ல எப்படி ஏத்துறதுன்னு டீமுக்கு நான் எழுதுன டெப்ளாய்மென்ட் டாக்குமென்ட்டும் அதே லட்சணந்தான். என்கிட்ட இருக்குறது மேக். எல்லா கமாண்டும் என் மெஷின்ல ஓடுச்சு, அதனால எல்லாருக்கும் ஓடும்னு நெனச்சுட்டேன். தேவகோட்டைலேருந்து ஒரு தம்பி புதுசா சேந்தாரு, விண்டோஸ் லேப்டாப். மொத வரிலயே முட்டிக்கிச்சு. ஒரு செட்டிங் குடுக்க நான் 'எக்ஸ்போர்ட்'னு எழுதியிருக்கேன், அவரு பவர்ஷெல்லுக்கு, அதாவது விண்டோஸ்ல நம்ம கமாண்ட வாங்கி ஓட்டுற ஷெல்லுக்கு, அது என்னன்னே தெரியாது, அங்க 'டாலர் என்வ்'னு ஆரம்பிக்கணும், பழைய கமாண்ட் ப்ராம்ப்ட்னா 'செட்'. நீளமான கமாண்ட மடக்கி எழுதுறதுக்கும் மூணுலயும் மூணு குறி. அதனால இப்பல்லாம் எவ்ளோ நீளமானாலும் ஒரே வரிலதான் எழுதுறேன், பாக்க அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போவுது.

அதுகூடப் பரவால்ல, எரர் வந்தா தெரிஞ்சுரும். ரெண்டு நாள் எங்க உசுர வாங்குனது வேற. தம்பி ஒரு ஸ்க்ரிப்ட் ஃபைல விண்டோஸ்ல சேவ் பண்ணி டாக்கர் இமேஜுக்குள்ள, அதாவது ப்ரோக்ராமையும் அதுக்கு வேணுங்குறதையும் சேத்துக் கட்டுன லினக்ஸ் பொட்டலத்துக்குள்ள போட்டாரு, ஓட்டுனா 'நோ சச் ஃபைல்'ங்குது. "அண்ணே, ஃபைலு கண்ணு முன்னாடி இருக்குண்ணே"ங்கிறாரு. இருக்கு, நானும் பாக்குறேன். விஷயம் என்னன்னா, விண்டோஸ்ல ஒரு வரி முடிஞ்சா ரெண்டு எழுத்து ஒளிஞ்சிருக்கும், பழைய டெலிப்ரின்டர் காலத்து மிச்சம் அது, ஒண்ணு தலைய இடது ஓரத்துக்குக் கொண்டுபோவும், இன்னொண்ணு பேப்பர ஒரு வரி ஏத்தும். லினக்ஸுக்கு ரெண்டாவது மட்டும் போதும். ஸ்க்ரிப்ட்டோட மொத வரில எந்த ஷெல்லக் கூப்பிடணும்னு இருக்கும்ல, அந்தப் பேரோட வாலுல முதல் எழுத்து ஒட்டிக்கிச்சு, அப்படி ஒரு ஷெல்லே கெடையாதே, அதத்தான் 'ஃபைல் இல்ல'ன்னு சொல்லியிருக்கு. கோட சேத்து வைக்கிற 'கிட்'டுக்கு விதி சொல்ற கிட்ஆட்ரிப்யூட்ஸ் ஃபைல்ல ஒரே ஒரு வரி, ஷெல் ஸ்க்ரிப்ட்டுக்கெல்லாம் இஓஎல் ஈக்வல் டு எல்எஃப்னு, அதாவது வரி முடிவுல அந்த ரெண்டாவது எழுத்து மட்டும் போதும்னு போட்டோம், ஸ்க்ரிப்ட்ட மறுபடி எல்எஃப்ல சேவ் பண்ணோம், முடிஞ்சுது. டாக்குமென்ட்ல இது இருந்திருந்தா ரெண்டு நாள் மிச்சம்.

மேக் மட்டும் யோக்கியமான்னா அதுவும் இல்ல. 2020-ல ஆப்பிளோட சொந்த எம்1 வந்ததுலேருந்து சிப்பே ஏஆர்எம்ங்குற வேற வகை, அதுல கட்டுன இமேஜ அப்படியே சாதாரண இன்டெல் சர்வர்ல ஏத்துனா 'எக்ஸெக் ஃபார்மட் எரர்'. பில்ட் பண்றப்பவே ப்ளாட்ஃபார்ம் லினக்ஸ் ஏஎம்டி64-ன்னு, இன்டெல் வகைக்கும் அதான் பேரு, சொல்லிரணும். ஃபைல் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறுனா மேக்கும் விண்டோஸும் சாதாரணமா கண்டுக்காது, லினக்ஸ் விடாது.

சில பேரு ஒவ்வொரு கமாண்டையும் மூணு விதமா எழுதி வைப்பாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, ஆறு மாசத்துல ஒண்ணு மட்டுந்தான் சரியா இருக்கும், அதுவும் எழுதுனவரு மெஷினோடது. விண்டோஸ்காரங்க உள்ளயே லினக்ஸ ஓட்டுற டபிள்யூஎஸ்எல் போட்டுக்குங்க, இங்க எல்லாமே லினக்ஸ் ஷெல்லான பாஷ்தான்னு டாக்குமென்ட் மேலயே சொல்லிட்டேன். ஆபீஸ் லேப்டாப்ல அதப் போட அனுமதி இல்லன்னா ப்ரவுசர்லயே க்ளவுட் ஷெல் தெறந்துக்கலாம், அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள்னு பெரிய கம்பெனிக மூணுமே தருது.

எழுதி முடிச்சதும் என் மெஷின் இல்லாத ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு வாயத் தெறக்காம பக்கத்துல உக்காந்திருவேன், அதுதான் கஷ்டம். அடுத்த வாரம் லினக்ஸ் டெஸ்க்டாப் வச்சிருக்க ஒருத்தர் சேர்றாரு, அவருக்கு எங்க முட்டுதுன்னு பாக்கணும். ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க, நேரமாச்சு போல. வர்றேங்க.