எல்லோரும் பார்க்கும் கோடில் பின்கதவு எப்படி வந்தது?

அடுத்த கேள்வி ஒரு கல்லூரி மாணவர் அனுப்பியது. "ஓப்பன் சோர்ஸ் கோடை யார் வேண்டுமானாலும் படிக்கலாமே சார், அப்புறம் எக்ஸ்இசட் யூட்டில்ஸில் பின்கதவு வைத்தது எப்படி யார் கண்ணிலும் படவில்லை?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி தம்பி. பின்கதவு என்றால் வெளியாள் ரகசியமாக உள்ளே நுழைவதற்கு வைக்கும் வழி. எல்லோரும் படிக்கிற இடத்தில் அதன் முக்கியமான பகுதி இல்லை, அவ்வளவுதான்.

எக்ஸ்இசட் ஃபைல்களைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி. லினக்ஸ் ஓடுகிற இடத்தில் எல்லாம் அநேகமாக இருக்கும். அதைப் பல வருடமாகக் கவனித்து வந்தவர் ஒரே ஒருவர், சம்பளமும் கிடையாது. 2021-இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து, பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்ப ஆரம்பித்தார். 2022-இல் வேறு பெயர்களில் மெயில் வருகிறது: ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று. தனக்கு மனநலப் பிரச்சினை இருப்பதை அந்தப் பழைய பொறுப்பாளர் வெளிப்படையாகவே எழுதினார். கடைசியில் ஜியா டானும் பொறுப்பாளர் ஆகிவிட்டார். அந்த மெயில்களும் திட்டத்தின் பகுதிதான் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பின்கதவை டெஸ்ட் ஃபைல்களுக்குள் ஒளித்து வைத்தார்கள். சுருக்கும் கருவிக்கு டெஸ்ட் ஃபைல் என்றால் சிலவற்றை வேண்டுமென்றே கெடுத்துத்தான் வைத்திருப்பார்கள், அதைத் திறந்து யார் பார்க்கப் போகிறார்கள்? அதை வெளியே எடுத்து பில்டில், அதாவது கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் வேலையில், சேர்க்கும் வரிகள் எல்லோரும் கோடைப் படிக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லவே இல்லை. வெளியீட்டுக்காகக் கோடை ஒரே ஃபைலாகக் கட்டிய டார்பாலில் மட்டும் இருந்தன. டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்திருந்தாலும் பயனில்லை, கையெழுத்துப் போட்டதே ஜியா டான்தான்!

பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் டெவலப்பர். வேறு ஏதோ வேக அளவீடு எடுத்துக்கொண்டிருந்தபோது, தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் லாகின் 0.3 விநாடியிலிருந்து 0.8-க்குப் போயிருந்ததைக் கண்டார். பின்கதவின் குறி இந்த எஸ்எஸ்எச்தான். அரை விநாடி! நாமாக இருந்தால் நெட் ஸ்லோ என்று விட்டிருப்போம். அவர் தோண்டிப் பார்த்து, 2024 மார்ச் 29 அன்று ஊரறியச் சொன்னார்.

சரி, நாம் என்ன செய்வது? அந்த ராத்திரி எந்த நிறுவனத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "பின்கதவு உள்ள எக்ஸ்இசட் வெர்ஷன்களான 5.6.0, 5.6.1 நம்மிடம் இருக்கிறதா?" என்பதுதான். எந்த பேக்கேஜ், எந்த வெர்ஷன் என்ற பட்டியல் கையில் இருந்தால் பத்து நிமிட வேலை, இல்லாவிட்டால் விடிய விடிய தேட வேண்டியதுதான். அப்புறம், முடிந்தவரை டார்பாலை நம்பாமல், கிட்டில் அந்த வெர்ஷனுக்குக் குறியிட்ட டேக்கிலிருந்து பில்ட் செய்யுங்கள். பாதுகாப்புத் திருத்தத்தை உடனே போடுங்கள், ஆனால் மற்ற புது வெர்ஷனை வந்த அன்றே புரொடக்‌ஷனில் ஏற்றாதீர்கள். டெபியன் என்ற லினக்ஸின் நிதானமான வெளியீடான டெபியன் ஸ்டேபிள் தப்பித்தது அந்த நிதானத்தால்தான்.

இன்னொன்று, இதை யாரும் டூல் வாங்கித் தீர்க்க முடியாது. உங்கள் பட்டியலில் ஒற்றை ஆள் கவனித்து வரும் பேக்கேஜ் எதுவென்று பாருங்கள். உங்கள் டீமிலிருந்து ஒருவர் வாரத்துக்கு அரை நாள் அங்கே போய் பேட்ச்களைப் படித்துக் கொடுக்கலாமே. அடுத்த கேள்வி என்ன?