சித்திரமும் கைப்பழக்கம்
(காரைக்குடி மருத்துவப் பணியாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, பணிக்கு நடுவே வந்திருக்கும் மருத்துவர்களே, மண்டபத்தைத் தந்து மதியச் சாப்பாடும் போடுகிற நகரத்தார் பெரியவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, செவிலியர் கல்லூரிப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரிடர் நேரத்துக்கு மருத்துவப் பணியாளர்களைத் தயார் செய்வதில் மூன்று விஷயம் உண்டு: பயிற்சி, மருந்து இருப்பு, தகவல் தொடர்பு. முதலில் பயிற்சி. சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். உயிர் காப்பதும் அப்படித்தான்.

சில வருஷம் முன்பு கல்யாண வேன் ஒன்று கவிழ்ந்து, ஒரு மருத்துவமனைக்கு ஒரே நேரத்தில் இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். நானும் அங்கே இருந்தேன். யார் கத்தினார்களோ அவர்களைத்தான் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். கை முறிந்த இளவட்டம் ஒருவரைச் சுற்றி நாலு பேர். சுவரோரம் பெஞ்சில் ஒரு அப்பத்தா வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். மேலில் ஒரு கீறல் இல்லை. பட்டுச்சேலை மடிப்புகூடக் கலையவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டார். எடுத்துப் போன ஆயாம்மா அவர் கையைத் தொட்டார், சில்லென்று வேர்த்திருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "டாக்டரய்யா, இவங்கள மொதல்ல பாருங்க" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்தார். மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது! மதுரைக்கு அனுப்பி, பிழைத்தார். அந்த ஆயாம்மாவை யாரும் எந்த வகுப்புக்கும் அனுப்பியதில்லை. பிரசவ வார்டில் ரத்தப்போக்கைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை அது. சித்திரமும் கைப்பழக்கம்.

கூட்டமாகக் காயம்பட்டு வந்தால், யாரை முதலில் பார்ப்பது என்று தெரிய ஆளுக்கொரு நிற அட்டை மாட்ட வேண்டும்: சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் அடுத்து, பச்சை காத்திருக்கலாம், கறுப்பு என்றால் காப்பாற்ற வழியில்லை. எழுந்து நடப்பவருக்குப் பச்சை அட்டை. மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினாலோ, மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டாலோ, சொன்னதைச் செய்ய முடியாவிட்டாலோ சிவப்பு. மற்றவருக்கு மஞ்சள். மூச்சுப்பாதையைத் திறந்தும் மூச்சு வராவிட்டால் கறுப்பு. ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். படித்தால் அரைப் பக்கம். கூட்டம் வந்து நின்றால் கை நடுங்கும்.

அதனால்தான் ஏறும் மேடையெல்லாம் கேட்கிறேன். தையில் சிராவயல் மஞ்சுவிரட்டு. மாடு முட்டிக் காயம்பட்டவர்கள் வருவார்கள் என்று நமக்கு முன்பே தெரியும். அப்படியானால் மார்கழியிலேயே முழு ஒத்திகை வைக்க வேண்டாமா? ஆயாம்மா, வாட்ச்மேன், 108 ஓட்டுநர் என்று எல்லோரும் அதில் இருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் பக்கத்துப் புதுக்கோட்டையைப் புரட்டிப் போட்டதைப் பார்த்தோம். மரம் விழுந்து சாலை அடைபட்டால், வெளியிலிருந்து ஆள் வரும்வரை உள்ளூர்க் கைதான்.

மருந்து இருப்பு பற்றியும் சொல்ல வேண்டும். தலைவர் ஐயா மணி அடித்துவிட்டார், சரி. ஆண்டுதோறும் ஒத்திகை கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.