காற்றைத் தாங்கும் எஞ்சின்

வணக்கம் நேயர்களே. கோயம்புத்தூரில் கார் பட்டறை வைத்திருக்கும் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்களிடம் அதிகமாகக் கேட்கிற கேள்வியைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். அதிகமாகக் கேட்கிற கேள்வி "வண்டி எப்ப ரெடியாகும்?" என்பதுதான். அதற்கு என்னிடம் எப்போதும் ஒரே பதில்: வியாழக்கிழமை. ஆகவே இரண்டாவது இடத்தில் இருக்கும் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். பழைய காரில் வேறு எஞ்சின் ஏற்றி டர்போ போட வேண்டும், எந்த எஞ்சின் எடுப்பது? டர்போ என்பது எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை உள்ளே திணிக்கும் விசிறி.

போன வருடம் ஒரு தம்பி வந்தார். அவருடைய அப்பா 1997இல் வாங்கிய மாருதி ஜென் வீட்டில் நிற்கிறது. "அண்ணா, பலேனோ 1.6 எஞ்சின் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். 94 ஹெச்.பி. அதுலயே டர்போ போட்டுட்டா?" என்றார். இப்போது ஓடுகிற பலேனோ வேறு. அவர் சொன்னது 1999இல் வந்த பழைய செடான். "அந்த 94ஐ மறந்துடுங்க தம்பி" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

டர்போ போடப் போகிற எஞ்சினில் கேட்லாக் சொல்லும் குதிரைத்திறன் அவ்வளவு முக்கியமில்லை. சக்தியைக் கொடுக்கப் போவது டர்போ. அது திணிக்கும் காற்றைத் தாங்க வேண்டியதுதான் எஞ்சினுடைய வேலை. நல்ல பால் மாட்டையும் நல்ல வண்டி மாட்டையும் சந்தையில் ஒரே கண்ணோடு பார்க்க முடியுமா? அந்த மாதிரிதான்.

சாதாரண எஞ்சின் தானாக மூச்சு இழுக்கிறது. வெளியே இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார். டர்போ அதன் மேல் அரை பார் கூட்டினால் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் காற்று உள்ளே போகும். அதற்கேற்ற பெட்ரோலும் போனால் சக்தி ஏறும். ஒன்றரை மடங்கு ஏறுமா என்றால், ஏறாது. காரணம் சூடு. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடி சுடும் இல்லையா? அதே கதை. சித்திரை மாதம் வெளியே 40 டிகிரியில் இருக்கும் காற்றை அரை பார் அழுத்தினால், ஒரு சுமாரான டர்போவிலிருந்து அது 100 டிகிரிக்கு அருகில் வெளியே வரும். இண்டர்கூலர் வைப்பது அதைத் தணிக்கத்தான்.

சூடான காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் நசுங்கும்போது, பிளக்கிலிருந்து கிளம்பிய தீ வந்து சேருமுன்பே ஒரு மூலையில் கலவை தானாக வெடிக்கும். இதைத்தான் நாக்கிங் என்கிறோம். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம். அதில் முதலில் உடைவது பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய வரப்பு.

இதை நான் என் சொந்தச் செலவில் படித்தேன். என் ஜென்னில், அதன் 993 சி.சி. எஞ்சினிலேயே, எதையும் மாற்றாமல் ஒரு சின்ன டர்போ போட்டேன். ஏற்கெனவே ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சின் அது. பூஸ்ட், அதாவது டர்போ கூட்டும் அழுத்தம், 0.7 பார். பெட்ரோல் கலப்பது பழைய கார்புரேட்டர். இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளவில்லை. ஊருக்குள் ஓட்டியபோது அருமையாகப் போனது. ஊட்டி மலையில் பர்லியார் தாண்டி மூன்றாவது கியரில் ஏறும்போது, தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். காலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அடுத்த வளைவில் பின்னால் ஒரே நீலப் புகை. இரண்டாவது பிஸ்டன் போய்விட்டது. சமதளத்தில் பூஸ்ட் ஏறுவது சில நொடிகள்தான், மலையில் நிமிடக்கணக்கில் நிற்கும். அதை நான் யோசிக்கவே இல்லை. தப்பு எஞ்சின் மேல் இல்லை, என் மேல்தான்.

சரி, அந்தத் தம்பியின் ஜென்னுக்கு வருவோம். இருக்கிற எஞ்சினையே வைத்துக்கொள்ளலாமா? அது ஜி10பி. நாலு சிலிண்டர், முழு அலுமினியம், போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 72 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 61 மில்லிமீட்டர். குட்டை ஸ்ட்ரோக், அதனால் மேல்வேகத்தில் சந்தோஷமாகச் சுற்றும். ஆனால் 1000 சி.சி.யில் ஒரு எட்டு வால்வு எஞ்சின், டர்போ விழித்துக்கொள்ளும் வரை ஊர்ந்துதான் போகும். இடையில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் 1987, 88இல் செவ்ரோலே ஸ்பிரின்ட் டர்போ என்று ஒரு கார் விற்றார்கள். அது சுசூகி செய்தது, எஞ்சின் பெயர் ஜி10. பெயரைப் பார்த்து, நம் ஜென் எஞ்சினுக்கு அந்த பாகங்கள் பொருந்தும் என்று ஒருவர் வெளிநாட்டிலிருந்து பிஸ்டன் வரவழைத்து என்னிடம் கொண்டுவந்தார். ஸ்பிரின்ட்டில் இருந்தது மூன்று சிலிண்டர். போர், ஸ்ட்ரோக் எல்லாமே வேறு. அந்த பிஸ்டன்களில் ஒன்று இன்றைக்கும் என் மேசையில் பேப்பர் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

அடுத்தது தம்பி ஆசைப்பட்ட ஜி16பி. 1590 சி.சி. கீழ்வேகத்தில் நல்ல இழுவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். 6000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 18 மீட்டர். பின்னால் சொல்லப் போகும் 1300 சி.சி. எஞ்சினில் அதே சுற்றில் 15 மீட்டர்தான். அப்புறம் அந்த பிளாக் உயரம். ஜென்னின் பானட் தாழ்ந்தது. டர்போ, அதன் மானிஃபோல்டு, ஹோஸ் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். போதாக்குறைக்கு அந்த செடான் அதிகம் விற்காத வண்டி, ஒரு கிராங்க் தேவைப்பட்டால் ஊர் ஊராகப் போன் போட வேண்டும்.

2017இல் வந்த பலேனோ ஆர்.எஸ். காரின் பூஸ்டர்ஜெட் எஞ்சினைச் சிலர் கேட்பார்கள். 998 சி.சி., மூன்று சிலிண்டர், தொழிற்சாலையிலேயே டர்போவோடு வந்தது, 100 குதிரைத்திறனுக்கு மேல். எஞ்சினாகப் பார்த்தால் இதற்குப் போட்டியே கிடையாது. டர்போவுக்கென்றே வடிவமைத்தது, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவது. ஆனால் அதன் வயரிங்கைத் தொட்டீர்களா, முடிந்தது. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியைக் கேட்கும், எஞ்சின் கம்ப்யூட்டர் காரில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களைக் கேட்கும். 1997 ஜென்னில் அப்படிப் பேச ஆளே கிடையாது. பொண்ணு மட்டும் போதும் என்று கல்யாணம் செய்தால் மொத்தக் குடும்பமும் கூடவே வந்து இறங்கின மாதிரி.

நான் கை காட்டியது மாருதி எஸ்டீம் காரின் ஜி13பிபி எஞ்சினை. 1298 சி.சி., 16 வால்வு, எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை), 85 குதிரைத்திறன். போர் 74, ஸ்ட்ரோக் 75.5, கிட்டத்தட்ட சதுரம். ஜென் எஞ்சினின் அதே குடும்பம், அதனால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகளில் பெரிய வெட்டு, ஒட்டு வேலை வராது. கம்ப்ரஷன், அதாவது கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பது, 10க்குக் கீழே, சின்ன பூஸ்டுக்கு அது ஒத்துவரும். மாருதியின் ஜீப்பான ஜிப்ஸியிலும் இதே எஞ்சின் இருந்ததால், பேரிங், கேஸ்கெட், ஆயில் பம்ப் எல்லாம் சின்ன ஊர்க் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ஜிப்ஸியிலிருந்து கழற்றிய எஞ்சினை வாங்காதீர்கள். அது நீளவாக்கில் உட்காரும் எஞ்சின். அடியில் ஆயில் தங்கும் சம்ப்பும் மவுண்டுகளும் ஜென்னுக்குச் சரிப்படாது. எஸ்டீமிலிருந்து கியர்பாக்ஸோடு சேர்த்து எடுங்கள், ஜென் கியர்பாக்ஸ் இந்தச் சக்திக்குச் செய்ததில்லை.

பழைய எஞ்சின் வாங்கப் போகும் இடம் சென்னையில் புதுப்பேட்டை, எங்கள் ஊரில் உக்கடம். கடைக்காரர் பேட்டரி கொடுத்துச் சுழற்றிக் காட்டுவார், எந்த எஞ்சினும் சுழலும். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை நீங்களே கொண்டு போங்கள். நாலு சிலிண்டரும் என்ன காட்டுகிறது என்பதை விட, நாலும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகப்படுங்கள். ஆயில் மூடியின் உட்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். சிலிண்டர்களை மேலே மூடுவது அலுமினிய ஹெட், ஒருமுறை கொதித்திருந்தால் வளைந்திருக்கலாம். அப்படி இருந்தால், டர்போ போட்ட முதல் வாரமே கேஸ்கெட் ஊதும்.

அதே கடையில் ஸ்விஃப்ட் டீசலின் டர்போ மலிவாகக் கிடைக்கும். பலர் அதைத்தான் மாட்டுகிறார்கள். டீசல் புகையின் சூடு 800 டிகிரி சொச்சம் என்றால் பெட்ரோல் புகை 900ஐத் தாண்டும். கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் டர்பைன் உறை விரிசல் விடும்.

மறக்கக்கூடாதது இன்னொன்று. கார்புரேட்டர் ஜென்னின் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்‌ஷனுக்கு வேண்டிய அழுத்தம் தராது. டேங்கில் மின்சாரப் பம்ப், திரும்பி வரும் லைன், புது ஹோஸ் எல்லாம் வேண்டும். ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், 20 சதவீதம் எத்தனால் கலந்த இப்போதைய இ20 பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும். அதே எத்தனால்தான் ஆக்டேனை, அதாவது நாக்கிங்கைத் தாங்கும் எண்ணை, 95 அளவுக்கு ஏற்றுகிறது, அது டர்போவுக்கு நல்லது. ஆனால் எரிபொருள் கூடுதலாகப் போக வேண்டும், இன்ஜெக்டர் கணக்கில் அதையும் சேருங்கள். எஸ்டீமின் கம்ப்யூட்டருக்கு பூஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது. டைமிங்கைப் பின்னிழுக்கத் தெரிந்த தனி கம்ப்யூட்டர் வேண்டும். அதற்குக் காசில்லை என்றால் டர்போவும் வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. எஞ்சின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது. ரோட்டில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் எஞ்சின் வாங்குவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். தம்பியின் வண்டி செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தய டிராக்கில் மட்டும் ஓடுவதற்கு. மாருதி 800 எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் செய்து காட்டிய கரிவர்தனின் பெயர் கொண்ட டிராக் அது, பொருத்தம்தான்.

உக்கடத்தில் மூன்று எஸ்டீம் எஞ்சின் பார்த்தோம். முதல் இரண்டும் கேஜில் தோற்றன. மூன்றாவதை வாங்கி, பிரித்து, ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவி (ஃபேசிங்), ரிங் மாற்றி ஏற்றினோம். முதல் மூன்று மாதம் டர்போ இல்லாமல் ஓடட்டும், எண்ணெய் குடிக்கிறதா, சூடேறுகிறதா என்று தெரியட்டும், அப்புறம் 0.4 பாரில் ஆரம்பிப்போம் என்றேன். தம்பிக்குப் பொறுமை இல்லை, ஆனால் ஒத்துக்கொண்டார். போன வாரம் டிராக்கில் ஓட்டிவிட்டு வந்து, "அண்ணா, டர்போ இல்லாமலேயே நல்லாத்தான் போகுதுங்க" என்றார். டர்போ அவர் வீட்டு பீரோவில், பழைய வேட்டி ஒன்றில் சுற்றி வைத்தபடி இருக்கிறது. எப்போது மாட்டுவது என்று கேட்டார். வியாழக்கிழமை என்று சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.