கோட்டுக்கு வெளியே நின்ற கை

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் முகாந்திரம் இல்லாமல் போலீஸ் ஒருவரைத் தொடலாமா என்று பேச அழைத்திருக்கிறார்கள். ஒரு மேல்கோட்டிலிருந்து தொடங்குகிறேன்.

1963 அக்டோபர் 31, ஓஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரம். பிற்பகல் நேரம். இரண்டு பேர் மாறி மாறிப் போய் ஒரு கடையின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு தடவை. நடுவில் மூன்றாவது ஆள் வந்து பேசிவிட்டுப் போகிறார். சாதாரண உடையில் இருந்த துப்பறியும் அதிகாரி மார்ட்டின் மெக்ஃபேடனுக்கு 39 ஆண்டு போலீஸ் அனுபவம். கொள்ளையடிக்க நோட்டம் பார்க்கிறார்கள் என்று பட்டது. நெருங்கிப் பெயர் கேட்டார், முணுமுணுப்புதான் பதில். சட்டென்று அவர்களில் ஒருவரான ஜான் டெர்ரியைப் பிடித்துத் திருப்பி, கோட்டின் மேல் கையை ஓட்டினார். இடது மார்புப் பக்கம் துப்பாக்கி தட்டுப்பட்டது. இன்னொருவரிடமும் ஒன்று இருந்தது. மூன்றாமவரையும் தடவினார், எதுவும் தட்டுப்படவில்லை. அவர் கோட்டுக்குள் கை போகவில்லை.

கைது செய்யப் போதிய முகாந்திரம் மெக்ஃபேடனிடம் அப்போது இல்லை. ஆனால் 1968 ஜூன் 10 அன்று உச்ச நீதிமன்றம், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அவர் செய்தது சரி என்றது. காரணத்தை விவரித்துச் சொல்லக்கூடிய சந்தேகம் இருந்தால் நிறுத்தலாம். ஆயுதம் இருக்கும் என்று கருத இடமிருந்தால் உடைக்கு மேலே தடவலாம். மனத்துக்குப் பட்டது என்பது மட்டும் போதாது. மாறுபட்ட நீதிபதி டக்ளஸ், முகாந்திரம் இல்லாமல் சோதனையிட அனுமதிக்க நீதிபதிக்கே இல்லாத அதிகாரத்தைத் தெருவில் போலீசுக்குக் கொடுக்கிறோம் என்று எழுதினார். எனக்கு அவர் பக்கம்தான் சாய்வு.

அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்பை ஏனோ குறைவாகவே பேசுகிறோம். நியூயார்க்கில் ஒருவர் போதைப் பழக்கம் உள்ளவர்களோடு பேசுவதை எட்டு மணி நேரம் கவனித்த போலீஸ்காரர், பேச்சில் ஒரு சொல்லைக்கூடக் கேட்கவில்லை. கடைசியில் அவரை நிறுத்தி, தடவிப் பார்க்காமலே சட்டைப் பைக்குள் கையை விட்டார். ஹெராயின் சிக்கியது. தண்டனை ரத்தானது. கை தேடியது ஆயுதத்தை அல்ல என்றது நீதிமன்றம்.

1993-இல் மினசோட்டா வழக்கு இன்னும் நுணுக்கம். ஒருவரைத் தடவியபோது அவர் உடைப் பையில் ஒரு சிறு கட்டி. ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு எடை. ஆயுதமில்லை என்று தெரிந்த பிறகும் போலீஸ்காரர் அதை விரல்களால் அழுத்தி உருட்டிப் பார்த்தார். போதைப்பொருள்தான். ஆனாலும் அந்தச் சாட்சியம் செல்லாது என்று முடிந்தது.

இங்கேதான் எனக்கு நெருடல். இந்த வழக்குகள் அனைத்திலும் பையில் ஏதோ இருந்தது, அதனால்தான் வழக்காயின. சாட்சியத்தைத் தள்ளுபடி செய்வதுதான் மருந்து என்றால், பையில் எதுவுமே இல்லாதவருக்கு அந்த மருந்தால் என்ன பயன்? 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை நியூயார்க் போலீஸ் 44 லட்சம் தடவை ஆட்களை நிறுத்தியது. அவற்றில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் கறுப்பினத்தவர்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். தடவிச் சோதித்தவற்றில் ஆயுதம் கிடைத்தது ஒன்றரை விழுக்காட்டில். 2013-இல் கூட்டரசு நீதிபதி ஷிரா ஷைன்ட்லின், நகரம் நடத்திய விதம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார். அதற்குள் அந்த மனிதர்களில் பெரும்பாலோர் கோட்டைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.